பெயரில் பல்லி, பிறப்பில் இருவாழ்வி: வாசகர் கேள்வி பதில்

தெலங்கானாவின் பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கில், மலேரி என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் செந்நிறக் களிப்பாறைகளில் கிடைத்த "பாந்தாசாரஸ் மலேரியென்சிஸ்" என்னும் தொல்விலங்கைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரிக் குறிப்பு ஒன்றை வெளியிட்டிருந்தோம். சுமார் 22 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரயாசிக் காலத்தின் பிற்பகுதியில் ஆறுகளிலும் குளங்களிலும் கிடந்து மீன் பிடித்துத் தின்ற பெரிய இருவாழ்வி அது என்றும், அதற்கு முன்பு வேறு பெயர் இருந்தது என்றும் எழுதியிருந்தோம். நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலானவை கல்லாகிப் போன எலும்பை வைத்து அதன் குலத்தையும் பெயரையும் எவ்வாறு முடிவு செய்கிறார்கள் என்றே கேட்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: படத்தில் இருந்த மண்டையோடு தட்டையான முதலைத் தலை போலவே தெரிகிறது. ஈரத்தோல், ஓடில்லா முட்டை, தலைப்பிரட்டைப் பருவம் என்றுதான் இருவாழ்விகளின் இயல்புகளை நான் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். இவற்றுள் ஒன்றுகூட எலும்பில் தெரியாதே. பிறகு எதை வைத்து இது முதலை இல்லை என்கிறார்கள்?
— பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: படத்தைப் பார்த்ததும் முதலை என்று தோன்றியதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. நீரின் அடியில் அசையாமல் கிடந்து இரையைக் கவ்வும் வாழ்க்கை இரண்டு விலங்குகளுக்கும் ஏறக்குறைய ஒரே முகத்தைக் கொடுத்திருக்கிறது. ஆகையால் தொல்லுயிரியலாளர் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. மண்டையோட்டைக் கையில் எடுத்ததும் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார். கழுத்தின் முதல் எலும்போடு மண்டையோடு பொருந்தும் இடத்தில் முதலை, பல்லி, பறவை ஆகியவற்றுக்கு ஒரே ஒரு குமிழ்தான் இருக்கும். தவளைக்கும், வாலுள்ள இருவாழ்வியான சாலமாண்டருக்கும், மலேரி விலங்குக்கும் அங்கே இரண்டு குமிழ்கள் உண்டு. பாலூட்டிகளுக்கும் இரண்டுதான், உங்களுக்கும் எனக்கும் உட்பட. எனவே இந்த ஓர் அடையாளத்தோடு அவர் நின்றுவிட முடியாது.

அடுத்து மேல்வாயைப் பார்ப்பார். முதலையின் மேல்வாய் ஏறத்தாழ முழுவதும் எலும்பால் மூடப்பட்டது. மலேரி விலங்கின் மேல்வாயிலோ, தவளையின் மண்டையோட்டில் இருப்பதைப் போலவே, நடுவில் இரண்டு பெரிய சன்னல்கள் திறந்திருக்கின்றன. பல்லைக் குறுக்கே அறுத்து மெல்லிய சீவலாகத் தேய்த்து உருப்பெருக்கியில் வைத்தால், பல்லின் உட்பகுதி சுற்றிச் சுற்றி மடிந்து, வழி தெரியாத கோட்டைக்குள் நுழைந்தது போல நெளிந்து கிடக்கும். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் இந்த அமைப்பை வைத்துத்தான் இவ்வகை விலங்குகளுக்கு "லாபிரிந்தோடான்", அதாவது சுழல்வழிப் பல் உடையது, என்ற பெயரைக் கொடுத்தார். மண்டையோட்டின் மேற்பரப்பில் சிறு பள்ளங்கள் நிறைந்திருக்கும். ஆனால் முதலைக்கும் அப்படிப்பட்ட பள்ளங்கள் உண்டு என்பதால் அவை அதிகம் உதவா. பள்ளங்களுக்கு ஊடே, கண்ணையும் மூக்கையும் சுற்றி வளைந்து செல்லும் வாய்க்கால் போன்ற வரிகள்தான் உண்மையில் பேசுபவை. நீரின் அசைவை உணரும் உறுப்பு அந்த வரிகளில் இருந்தது. மீன்களிடமும், தலைப்பிரட்டைகளிடமும், நீரிலேயே வாழும் சில இருவாழ்விகளிடமும் அந்த உறுப்பு உண்டு; எந்த ஊர்வனவிடமும் அது இல்லை.

இந்த அடையாளங்கள் எல்லாம் ஒரே விலங்கில் சேர்ந்து அமையும்போதுதான் முடிவு உறுதியாகிறது. அவை பிரிந்து கிடைத்தால் என்ன குழப்பம் நேரும் என்பதற்கு ஜெர்மனியில் நல்ல உதாரணம் இருக்கிறது. வூர்ட்டம்பெர்க் பகுதியில் கைல்டோர்ஃப் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த யேகர், 1828இல் ஒரு பெரிய பல்லுக்கு "மாஸ்டோடான்சாரஸ்" என்று பெயரிட்டார். மண்டையோட்டின் பின்பகுதித் துண்டு ஒன்றில் இரண்டு குமிழ்கள் இருந்ததைக் கண்டு, அது சாலமாண்டரைச் சேர்ந்த வேறொரு விலங்கு என்று கருதி, அதற்கு "சாலமாண்ட்ராய்டிஸ் ஜைகான்டியஸ்" என்று தனிப்பெயர் வைத்தார். பல்லும் மண்டையோடும் ஒரே விலங்குக்கு உரியவை என்பது பின்னரே தெளிவாயிற்று. இன்று அந்த விலங்கின் பெயர் மாஸ்டோடான்சாரஸ் ஜைகான்டியஸ். முன்பாதி பல்லிலிருந்து வந்தது, பின்பாதி பிடரியிலிருந்து வந்தது. இரண்டு குமிழ்களைக் கண்டதும் சாலமாண்டர் பக்கம் சாய்ந்த யேகரின் கண் கூர்மையானது என்றே எனக்குத் தோன்றுகிறது. எலும்புகள் ஒன்றாகக் கிடைக்காமல் போனதற்கு அவர் என்ன செய்வார்?

தலைப்பிரட்டைப் பருவத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மலேரி விலங்கு சேர்ந்த பெருங்கூட்டத்துக்கு "டெம்னோஸ்பாண்டில்கள்" என்று பெயர்; முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் பல துண்டுகளால் ஆனது என்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. அதே கூட்டத்தைச் சேர்ந்த சிறிய விலங்குகளின் குஞ்சுகள் டிரயாசிக்குக்கு முந்தைய பெர்மியன் காலத்து ஜெர்மானிய ஏரிப் படிவுகளில், கழுத்தோரத்து வெளிச்செவுள்களின் நிழல்கூட அழியாமல் பாறையில் பதிந்து கிடைத்திருக்கின்றன. எனவே நீங்கள் வகுப்பில் சொல்லும் அடையாளம் பாறையில் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இனி குடும்பத்துக்கு வருவோம். மலேரி மண்டையோட்டில் கண்குழிகள் நடுவில் இல்லாமல் மூக்கை நோக்கி முன்னால் தள்ளி அமைந்திருக்கின்றன; கண்ணுக்குப் பின்னால் நீண்ட தட்டையான தளம் கிடக்கிறது. கண்டதும் "மெட்டோபோசாரிட்" குடும்பம் என்று சொல்லவைக்கும் அமைப்பு இதுதான். அந்தக் குடும்பத்தின் பெரிய விலங்குகள் 2 மீட்டருக்கும் மேல் நீண்டவை.

கேள்வி: சாரஸ் என்றால் பல்லி என்று அகராதியில் பார்த்தேன். இருவாழ்வி என்று உறுதியாகத் தெரிந்த பிறகும், 2018இல் புதிதாகப் பெயர் வைக்கும்போதும் அதே பல்லியை ஒட்டவைத்தது ஏன்?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், நாகர்கோவில்

பதில்: பழக்கம்தான் காரணம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தவளையையும் பாம்பையும் ஒரே வகுப்பில் வைத்துப் பேசுவது பலரின் வழக்கமாக இருந்தது. மகாராஷ்டிரத்தின் மாங்கலியில் கிடைத்த மண்டையோட்டை 1855இல் விவரித்து "பிராக்கியாப்ஸ் லாட்டிசெப்ஸ்" என்று பெயரிட்ட ஓவன், தம் கட்டுரைத் தலைப்பிலேயே அதை லாபிரிந்தோடான்ட் ஊர்வன என்றுதான் குறித்தார். குறுமுகம், அகன்ற தலை என்று பொருள்படும் அந்தப் பெயரில் நல்லவேளையாகப் பல்லி நுழையவில்லை. மற்றவர்கள் சாரஸ் என்ற ஈற்றைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். நாளடைவில் அது பல்லியைக் குறிக்காமல், அழிந்துபோன பெரிய விலங்கு என்ற அளவில் தேய்ந்துவிட்டது.

இதில் விதியும் ஒன்று உண்டு. விலங்குகளின் அறிவியல் பெயர்களை ஆளும் பன்னாட்டு விதித்தொகுப்பு, பொருள் பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக ஒரு பெயரைத் தள்ளிவிட யாருக்கும் உரிமை தரவில்லை. "பசிலோசாரஸ்" என்றால் அரசப் பல்லி. அது ஒரு திமிங்கிலம். 1834இல் அந்தப் பெயரை வைத்த ஹார்லன் அதை ஊர்வன என்று நினைத்தார். ஓவன் அது பாலூட்டி என்று நிறுவி "சூக்ளோடான்" என்ற பொருத்தமான பெயரைக் கொடுத்தபோதும் பழைய பெயரே நிலைத்தது. கருப்பான பிள்ளைக்கு வெள்ளைச்சாமி என்று பெயர் வைத்தால் பள்ளிப் பதிவேட்டில் திருத்தவா செய்கிறோம்?

கேள்வி: இந்த விலங்குக்கு 1965இல் மெட்டோபோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள், 2018இல் பாந்தாசாரஸ் என்று மாற்றினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் முதலில் வைத்தவர் தவறு செய்தாரா? ஐம்பது ஆண்டுக்கு ஒரு முறை பெயரை மாற்றினால் மாணவர்கள் எதைப் படிப்பது?
— போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர், மதுரை

பதில்: உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் இந்த மாற்றத்தில் எது மாறியது, எது மாறவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராய் சௌத்ரி 1965இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் இந்த விலங்கை விரிவாக விவரித்து "மெட்டோபோசாரஸ் மலேரியென்சிஸ்" என்று பெயரிட்டார். புள்ளியியல் நிறுவனத்தில் எலும்புக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அதை நிறுவிய மகலனோபிஸ் நிலவியலுக்கும் அங்கே ஒரு பிரிவை ஏற்படுத்தியிருந்தார். அந்தப் பெயரின் இரண்டாம் பாதி, மலேரியைச் சேர்ந்தது என்று பொருள்படும் சிற்றினப் பெயர், இன்றுவரை அப்படியே இருக்கிறது. முதல் பாதியான பேரினப் பெயர் மட்டுமே மாறியது. நம் ஊரில் திருமணத்துக்குப் பின் முன்னெழுத்தை மாற்றிக்கொள்ளும் பெண்ணின் சொந்தப் பெயர் மாறுவதில்லை அல்லவா, ஏறக்குறைய அதைப் போன்றது இது. பேரினம் என்பது இந்த விலங்கு யாருக்கு மிக நெருங்கிய உறவு என்ற கருத்தைச் சொல்கிறது. கருத்து மாறும்போது அதுவும் மாறுகிறது. சிற்றினப் பெயரோ குறிப்பிட்ட ஓர் எலும்போடு கட்டப்பட்டது. பெயர் வைப்பவர் "இதுவே முதன்மை மாதிரி" என்று ஒரு படிவத்தைச் சுட்டி, அருங்காட்சியகத்தில் எண்ணிட்டு வைக்கிறார். அந்த எலும்பு எங்கே போனாலும் அந்தப் பெயர் அதோடு போகும்.

ராய் சௌத்ரி எழுதிய காலத்தில் மெட்டோபோசாரஸ் என்ற பேரினம் ஒரு கூட்டுக்குடும்ப வீடாக இருந்தது. ஜெர்மனி, மொராக்கோ, இந்தியா என எங்கே இந்தச் சாயலில் மண்டையோடு கிடைத்தாலும் அதற்குள் இடம் கொடுக்கப்பட்டது. அந்தப் பெயரே மாற்றுப் பெயர்தான் என்பது இன்னொரு வேடிக்கை. ஜெர்மானியரான ஹெர்மன் ஃபான் மேயர் 1842இல் முதலில் வைத்த பெயர் "மெட்டோபியாஸ்". அதே பெயரை ஏற்கெனவே ஒரு வண்டு எடுத்துக்கொண்டிருந்தது. விலங்குகளில் இரண்டு பேரினங்களுக்கு ஒரே பெயர் இருக்கக் கூடாது என்பதால், 1890இல் லைடெக்கர் அதை மெட்டோபோசாரஸ் என்று மாற்றினார்.

பிறகு வீடு பிரியத் தொடங்கியது. 1993இல் ஏட்ரியன் ஹன்ட் இந்தக் குடும்பம் முழுவதையும் மறுபடி ஆராய்ந்து, மொராக்கோ விலங்கை "டுட்டுயிட்டோசாரஸ்" என்று தனிப் பேரினமாக்கினார். கண்குழியின் விளிம்பைக் கண்ணீர் எலும்பு தொடுகிறதா இல்லையா என்பதை ஒரு பேரினத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் அடையாளமாக நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். கேட்பதற்கு எளிய சோதனைதான். ஆனால் பள்ளமும் மேடுமாக இருக்கும் அந்த எலும்புப் பரப்பில் இரண்டு எலும்புகள் சேரும் கோடு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது, தேய்ந்த கல்வெட்டில் புள்ளி இருக்கிறதா என்று தேடுவதற்கு ஒப்பானது. போலந்தின் கிராசியேயுவ் என்ற இடத்தில் ஏராளமாகக் கிடைத்த மண்டையோடுகளை ஜெர்மானியப் படிவங்களோடு ஒப்பிட்ட டோமாஷ் சுலேய், அந்த அடையாளத்தை அடிப்படையாகக் கொள்ள முடியாது என்று 2002இல் வாதிட்டார். அந்தப் படிவங்களுக்கு அவர் கொடுத்த பெயரில் "கிராசியேயோவென்சிஸ்" என்ற சொல் சேர்ந்தது. 2015இல் போர்ச்சுகலின் தென்பகுதியிலிருந்து "மெட்டோபோசாரஸ் அல்கார்வென்சிஸ்" வந்தது. இவ்வாறு ஒப்பிடுவதற்கு மண்டையோடுகள் கூடக்கூட, இந்திய விலங்கு ஐரோப்பியக் கிளையோடு சரியாக ஒட்டவில்லை என்ற ஐயமும் கூடியது. கல்கத்தாவின் அதே நிறுவனத்தைச் சேர்ந்த சஞ்சுக்தா சக்கரவர்த்தியும் துர்ஜதி பிரசாத் சென்குப்தாவும் மண்டையோட்டு எலும்புகளின் வடிவத்தைத் தனித்தனியே அளந்து, மற்ற மெட்டோபோசாரிடுகளின் அளவுகளோடு ஒப்பிட்டு, இந்திய விலங்கு தனிப் பேரினமாகத் தகுதி உடையது என்று முடிவு செய்தார்கள். 1965இல் ராய் சௌத்ரியின் மேசையில் இந்த ஒப்பீட்டுப் பொருள்களில் பெரும்பகுதி இல்லை. அவர் விலங்கைப் புதிய சிற்றினம் என்று கண்டது சரி. அந்தப் பெயரும் நிற்கிறது. அவரைத் தவறு செய்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்க உறவினரின் கதையைக் கேட்டால் மலேரி விலங்கின் நிலைமை எவ்வளவோ மேல் என்பீர்கள். டெக்சாசில் கிடைத்த மண்டையோட்டுக்கு 1922இல் கேஸ் என்பவர் "பியூட்னேரியா" என்று பெயரிட்டார். பல பத்தாண்டுகள் எல்லாப் பாடநூல்களிலும் அந்தப் பெயரே வழங்கிய பிறகு, 1889இலேயே ஒரு வெட்டுக்கிளி உறவுப் பூச்சிக்கு அதே பெயர் வைக்கப்பட்டிருப்பது கவனத்துக்கு வந்தது. 2007இல் "கோஸ்கினோனோடான்" என்ற, 1929இல் வைக்கப்பட்ட பெயரை எடுத்துப் போட்டார்கள். அதோடும் முடியவில்லை. வயோமிங்கில் கிடைத்து 1905இல் பிரான்சன் "அனாஸ்கிஸ்மா" என்று பெயரிட்ட விலங்கும் இதே விலங்குதான் என்று 2020இல் ஒரு மறு ஆய்வு வாதிட்டது. ஒரே விலங்குக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் முந்தியதே நிற்கும் என்ற முன்னுரிமை விதிப்படி, 1905ஆம் ஆண்டுப் பெயர் வென்றது. தேர்வுக்குப் படிப்பவர் என்ற முறையில் நீங்கள் பாந்தாசாரஸ் மலேரியென்சிஸ் என்று எழுதிவிட்டு, முந்தைய பெயர் மெட்டோபோசாரஸ் என்று சேர்த்துவிடுங்கள்; இரண்டு பக்கமும் பாதுகாப்பு.

கேள்வி: சில நூல்களில் விலங்கின் பெயருக்குப் பின் ராய் சௌத்ரி, 1965 என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள், வேறு சில பெயர்களுக்கு அடைப்புக்குறி இல்லை. அச்சுப்பிழையா?
— மெய்ப்புத் திருத்துநர், சென்னை

பதில்: பிழை இல்லை, உங்கள் தொழிலுக்கு ஏற்ற கூர்மையான கவனிப்பு. பெயர் வைத்தவர் எந்தப் பேரினத்தில் சிற்றினத்தை வைத்தாரோ, அதிலேயே அது இன்றும் இருந்தால் அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறியின்றி வரும். பின்னால் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அடைப்புக்குறிக்குள் வரும். மும்பையின் வொர்லியில் கிடைத்த சிறு தவளைப் படிவத்துக்கு ஓவன் 1847இல் "ரானா புசில்லா" என்று பெயரிட்டார். 1930இல் நோபிள் அதை "இண்டோபாட்ராக்கஸ்" என்ற புதிய பேரினத்துக்கு மாற்றினார். ஆகவே இன்று ஓவனின் பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்கிறது. இதில் இன்னொரு மாற்றத்தையும் கவனித்திருப்பீர்கள்: புசில்லா, "புசில்லஸ்" ஆகிவிட்டது. ரானா பெண்பால் சொல், பாட்ராக்கஸ் ஆண்பால் சொல். பெயரடையும் அந்தப் பாலுக்கு ஏற்ப ஈறு மாற வேண்டும் என்பது இலத்தீன் இலக்கணம். வந்தான், வந்தாள் என்று எழுவாய்க்கேற்ப முடிவை மாற்றிப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றாது. மலேரியென்சிஸ் என்பது ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே ஈறு கொண்டது. மெட்டோபோசாரஸும் பாந்தாசாரஸும் இரண்டும் ஆண்பால். ஆகவே அங்கே திருத்த வேலை எழவில்லை.

கேள்வி: ஒரே இடத்தில் பெரிய எலும்பும் சிறிய எலும்பும் கிடைத்தால், சிறியது தனி இனமா, பெரியதன் குட்டியா என்று எப்படித் தெரியும்?
— விலங்கியல் மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: இந்தக் குடும்பத்திலேயே அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் தென்மேற்கில் கிடைத்த சிறிய மெட்டோபோசாரிட் ஒன்றுக்கு ஹன்ட் 1993இல் "அப்பாச்சிசாரஸ் கிரெகோரியை" என்று பெயரிட்டார். அதன் முதுகெலும்புக் கணுக்கள் பெரிய உறவினரின் கணுக்களைப் போல வட்டில்களாக இல்லாமல் நீண்டு உருளைகளாக இருந்தன. அன்று முதல், அரிசோனாவின் கல்மரக் காட்டுத் தேசியப் பூங்காவில் நீண்ட சிறு கணு எது கிடைத்தாலும் அதை அப்பாச்சிசாரஸ் என்று எழுதிவைப்பது வழக்கமாயிற்று. 2017இல் கீ, பார்க்கர், மார்ஷ் ஆகிய மூவர் அந்தக் கணுக்களை அறுத்து உருப்பெருக்கியில் பார்த்தார்கள். வளர்ந்து முடிந்த விலங்கின் எலும்பில் இருக்க வேண்டிய முதிர்ச்சி அடையாளங்கள் அவற்றில் இல்லை. மரத்தின் வளையங்களைப் போல எலும்பிலும் வளர்ச்சி நின்று தொடங்கிய கோடுகள் பதியும். எலும்பின் உள்ளமைப்பும் வயதுக்கேற்ப மாறும். அவற்றை வைத்துப் பார்க்கும்போது, அந்தக் கணுக்கள் பெரிய மெட்டோபோசாரிடுகளின் இளம் பருவத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். வளரவளர உருளை வட்டிலாக மாறியிருக்கிறது என்பது இதன் பொருள். அப்பாச்சிசாரஸ் என்ற பெயர் அதன் முதன்மை மாதிரியோடு இன்னும் நிற்கிறது. கணுவை மட்டும் வைத்து அந்தப் பெயரைச் சூட்டும் துணிச்சல்தான் குறைந்திருக்கிறது. மண்டையோடு இல்லாமல் கணுவை மட்டும் வைத்துப் புதுப்பெயர் சூட்டும் கட்டுரைகளை நான் சற்றுத் தள்ளிவைத்தே படிக்கிறேன்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேரன், தான் ஒரு புதிய விலங்கின் எலும்பைக் கண்டெடுத்து அதற்கு என் பெயரை வைக்கப்போவதாகச் சொல்கிறான். விதி இடம் கொடுக்குமா?
— தாத்தா ஒருவர், சேலம்

பதில்: கண்டெடுப்பதனால் மட்டும் பெயர் வைக்கும் உரிமை வருவதில்லை, விவரித்து வெளியிடுபவருக்கே அது உரியது. எனவே பேரன் தொல்லுயிரியலும் படிக்க வேண்டியிருக்கும். பிறகு அவர் செய்ய வேண்டியவை: எலும்பு மற்றவற்றிலிருந்து எந்த அடையாளங்களால் வேறுபடுகிறது என்று எழுத வேண்டும், முதன்மை மாதிரியைச் சுட்டி, அது எங்கே வைக்கப்படும் என்று தெரிவிக்க வேண்டும், பலர் அணுகக்கூடிய முறையில் கட்டுரையை வெளியிட வேண்டும். வெளியிடும் முன், விலங்குப் பெயரீட்டின் தொடக்கமாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கும் 1758 முதல் இதுவரை யாராவது அந்தப் பேரினப் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறார்களா என்று தேட மறக்கக் கூடாது. அதே மலேரிப் பாறைகளில் கிடைத்த சிறு டைனோசர் ஒன்றுக்குச் சங்கர் சாட்டர்ஜி 1987இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் அலிக் வாக்கரின் நினைவாக "வாக்கேரியா மலேரியென்சிஸ்" என்று பெயரிட்டார். நீரில் கூட்டமாய் ஒட்டி வாழும் ஒரு நுண்ணிய பாசிவிலங்கு அந்தப் பெயரை முன்பே வைத்திருந்ததால், 1994இல் அதை "அல்வாக்கேரியா" என்று மாற்ற வேண்டியதாயிற்று. மலேரியென்சிஸ் என்ற சிற்றினப் பெயர் இருவாழ்விக்கும் டைனோசருக்கும் பொதுவாக இருப்பதில் தடை இல்லை. பேரினம் வேறாக இருந்தால் போதும்.

பேரன் உங்கள் பெயரைச் சிற்றினப் பெயராக வைப்பதே எளிது. ஆணின் பெயரோடு "இ" என்ற ஈற்றைச் சேர்ப்பது மரபு. நாகபுரியில் இருந்த பாதிரியார் ஹிஸ்லோப்பின் நினைவாக மலேரிப் பாறைகளின் முதலை போன்ற ஊர்வன ஒன்றுக்கு "பாராசூக்கஸ் ஹிஸ்லோபி" என்று பெயர் வைத்தது அப்படித்தான். பெண்ணின் பெயருக்கு "ஏ" என்று முடியும். பாட்டியையும் விட்டுவிடக் கூடாது என்று வீட்டில் பேச்சு எழுந்தால், இருவருக்கும் சேர்த்து "ஓரும்" என்ற பன்மை ஈறும் இருக்கிறது.